விண்ணில் கைகோத்த இரு கோள்கள்



2024 டிசம்பர் 30ஆம் நாள் இரவு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும்பிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டு, தலைக்கு 220 கிலோ எடையுள்ள இரு செயற்கைக் கோள்களை ஏறத்தாழ 475 கிலோமீட்டர் உயரத்தில் விட்டது. ஸ்பேடெக்ஸ் என்பது அம்முயற்சியின் பெயர். ராக்கெட்டு நம் தும்பா மையத்தாரின் ஆக்கம். ஆதலின் இந்நகரத்தார்க்கும் அதில் உறவுண்டு.

அவ்வுயரத்தில் கோள்கள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேலாக விரைகின்றன. பின்னே வருவது முன்னதை எட்டிப்பிடிக்க விரைவைக் கூட்டலாகாது, குறைத்தல் வேண்டும்! குறைத்தால் தாழ்ந்த பாதைக்கு இறங்கும். அங்கே சுற்று விரைந்து முடியும். வண்டியோட்டிகளுக்கு இது புதிராகவே தோன்றும்.

ஐந்து கிலோமீட்டர், ஒன்றரை, பின்னர் 500 மீட்டர், 225, 15, 3 எனப் படிப்படியாய் நிறுத்திச் சோதித்தே நெருங்கச் செய்யும் ஏற்பாடு. ஜனவரி 7இல் நிகழவேண்டிய இணைப்பு இருமுறை தள்ளிற்று. 12ஆம் நாள் மூன்று மீட்டர்வரை நெருங்கியும் இணைக்காது பின்வாங்கினர். அறியாதார் அதனைத் தோல்வி என்பர். மோதினாலோ இரண்டும் போம். சிதறும் துண்டுகள் பிற கோள்களுக்கும் எமனாகும்.

16ஆம் நாள் இணைந்தன. இத்திறம் பெற்ற நான்காவது நாடு நம்முடையது. அதற்குச் சில நாள் முன்னரே, குமரி மாவட்டத்தவரும் நம் வலியமலை மையத்தின் இயக்குநராயிருந்தவருமான டாக்டர் வி. நாராயணன் இஸ்ரோ தலைமையை ஏற்றிருந்தார்.

மார்ச் 13இல் பிரிந்த கோள்கள் ஏப்ரல் 20இல் மீண்டும் சேர்ந்தன. முதன்முறை மூன்று மீட்டரில் நின்று மனிதர் கட்டளைக்குக் காத்திருந்தவை, இம்முறை 15 மீட்டரிலிருந்து தாமே வந்து பற்றிக்கொண்டன.