சொல்லும் அதன் சுற்றமும்

கண்டி மாநகரைச் சேர்ந்த மஹய்யாவப் பகுதியில், மாநகர சபையின் துப்புரவுப் பணியில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கு ஒரு வீட்டிற்கு ஆங்கிலத்தில் நியமனக் கடிதம் ஒன்று வருவதாக வைத்துக்கொள்ளலாம். அதில் ‘கெஷுவல்’ என்றொரு சொல். பள்ளியிற் பயிலும் மகன் அகராதியைப் புரட்டுகிறான். ‘தற்செயலான’ என்னும் பொருள் கிடைக்கிறது. தந்தைக்கோ அதனால் ஒன்றும் விளங்கவில்லை. தொழிலாளரைக் குறித்து வருமிடத்து அச்சொல் ‘நிரந்தரமல்லாத’ என்றே பொருள்படும். ஒரு குடும்பத்தின் முதுமைக்கால ஊதியம் பற்றிய கேள்வியே அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளது.

1956ஆம் ஆண்டின் சட்டம் ஆங்கிலத்தை ஆட்சிப்பீடத்தினின்று இறக்கியது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கிற்று. ஆயினும் தொழிலும் உயர்கல்வியும் இன்னும் ஆங்கிலச் சொல்வளத்தை வேண்டி நிற்கின்றன. அவ்வளத்தைப் பெருக்கும் வழி யாது?

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் மாணவர் நிகண்டுகளை நெட்டுருச் செய்தனர். ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள் அதனால் நாவில் நின்றன. ஆனால் அச்சொற்களை ஆளும் முறையை இலக்கியங்களே கற்பித்தன. தமிழில் பூவைக் கொய்கிறோம், கதிரை அறுக்கிறோம், கிழங்கை அகழ்கிறோம். ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்குரிய சுற்றம் உண்டு. ஆங்கிலத்திற்கும் இவ்விதி பொருந்தும். பெருமழையை ‘பிக் ரெயின்’ என்று எழுதும் மாணவனுக்குப் பொருள் தெரியும்; சுற்றம் தெரியாது. ஆங்கிலேயர் அதனை ‘ஹெவி ரெயின்’ என்பர். சாயம் மிகுந்த தேநீர் அவர்களுக்கு ‘ஸ்ட்ராங் டீ’. இவற்றை எடுத்துக்காட்டு வாக்கியமே உணர்த்த வல்லது.

இவ்வுண்மையைக் கீழ்நாடுகளில் ஆங்கிலம் கற்பித்த இரு ஆசிரியர்கள் நன்கு கண்டனர். வங்காளத்து டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1935இல் எண்டிகாட் என்பவருடன் ஓர் அகராதியை வெளியிட்டார். ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே அது விளக்கிற்று. மிகுதியாக வழங்கும் ஏறத்தாழ 2,000 சொற்களின் பட்டியலை அவர் 1953இல் வெளியிட்டார். யப்பானிற் கற்பித்த ஹோர்ன்பி, சொல் வாக்கியத்தில் அமையும் முறையைக் காட்டும் அகராதியை 1942இல் தம் துணைவரோடு உருவாக்கினார். 1948இல் அதனை ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகம் மறுபதிப்பாக வெளியிட்டது.

மலையக மாணவன் வெறுங்கையோடு தொடங்குபவன் அல்லன். ‘லயம்’ என்பது ‘லைன்’ என்பதன் திரிபு. ‘பெரட்டு’ என்பது ‘பரேட்’ என்பதன் திரிபு. மறுபுறம், கட்டுமரமும் சுருட்டும் தமிழிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்தவை. வீட்டில் வழங்கும் சொல்லிலிருந்தே அவன் தொடங்கலாம். ‘லைன்’ என்பது குடியிருப்பு வரிசை மட்டுமன்று. கோடு, கயிறு, செய்யுளடி, புகையிரதப் பாதை ஆகியவற்றையும் குறிக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாக்கியம் எழுதினால் ஒரு சொல் ஐந்து சொல்லின் பயனைத் தரும்.

இதற்கு வேண்டுவது ஓர் அப்பியாசக் கொப்பி. ஒரு பக்கத்திற் சொல்லும் பொருளும். அதனருகே நூலிற் கண்ட வாக்கியம். அதன்கீழ் மாணவன் தானே அமைத்த வாக்கியம். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் பொருளை மறைத்துவைத்துச் சோதித்தல் வேண்டும். நாளொன்றுக்கு 5 சொற்கள் வீதம் 400 நாட்களில் வெஸ்டின் 2,000 சொற்களும் கைவரும்.

சொந்த வாக்கியம் சொந்த வாழ்வைப் பற்றியதாக இருத்தல் நலம். ‘மை ஃபாதர் இஸ் எ பர்மனன்ட் வர்க்கர்’ என்று எழுதப் பழகிய மகன், கடிதத்தில் வேறு சொல் இருப்பதை உடனே காண்பான். கையொப்பமிடுமுன் அதன் காரணத்தைக் கேட்குமாறு தந்தைக்குச் சொல்வான்.