காலையிலேயே சொல்லிவிடுங்கள்

(தலைமன்னார் பழைய இறங்குதுறையைப் பார்க்க வந்த தோட்டக் குடும்பங்களிடமும் பிள்ளைக்காம்பரா ஆயம்மாமாரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)



ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த களைப்பு உங்களுக்கு இருக்கும். கடல்காத்து வேற மண்ணை அள்ளி முகத்தில் போடுது. ஆகையால் நீட்டாமல் பேசுகிறோம்.

இப்போது பார்த்தீர்களே அந்த இறங்குதுறை, அதற்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் 1914இல் கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கு முந்திய காலத்தில் வள்ளத்தில் வந்து இந்த மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தே போனார்கள். 2023 ஜூலை கடைசியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்ம ஆட்கள் நடைபயணம் போனது அந்த நினைவில்தான். அன்றைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேரை வாந்திபேதியும் அம்மையும் வழியிலேயே கொண்டுபோய்விட்டன.

அதற்குப் பிறகு 1918இல் இன்புளுவென்சா வந்தது. உலகத்தையே ஆட்டிய காய்ச்சல் அது. இலங்கைக்குள் அது இரண்டு வாசலால் நுழைந்திருக்கலாம், ஒன்று கொழும்புத் துறைமுகம், மற்றது இந்தத் தலைமன்னார் என்று 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வு போட்ட கணக்கில், நாட்டுக்கு ஏற்பட்ட மக்கள் இழப்பு 3 லட்சத்துக்கும் மேல். கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் முகாம் வைத்து, வருகிறவர்களைச் சில நாள் தடுத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றிய காலமும் இருந்தது. அங்கே காய்ச்சலை மறைத்தவர்களும் இருந்திருப்பார்கள். வேலையும் சோறும் தேடி வந்தவன் மறைக்கத்தான் பார்ப்பான். அவனை யார் குறை சொல்வது?

இந்தக் கதையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அந்த மறைப்பு இன்றைக்கும் நம்ம பிள்ளைக்காம்பரா வாசலில் நடக்கிறது.

ஒரு தோட்டத்தில் நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். காலையில் ஒரு தாய் ஒன்றரை வயசுப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். மேல் சுடவில்லை, முகம் மட்டும் வாடியிருந்தது. பத்து மணிக்கெல்லாம் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பெரட்டுக்கு முந்தி பெனடோல் சிரப் கொடுத்துத்தான் விட்டிருக்கிறாள். மருந்து இறங்கியதும் காய்ச்சல் ஏறிவிட்டது. அந்த வாரம் முடியுமுன் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகியது. கைக்குழந்தை ஒன்று மூச்சு இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போய், நல்ல வேளையாகத் திரும்பி வந்தது.

அந்தத் தாயை எல்லோர் முன்னாலும் ஏசினோம். நாங்கள் செய்த பெரிய பிழை அதுதான். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் ஒருத்தியும் காய்ச்சலைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிள்ளையோடு வீட்டில் நின்றால் அன்றைய பேர் விழாது, அடுப்பு எரியாது. அது தெரிந்தும் ஏசினோம்.

இப்போது முறையை மாற்றியிருக்கிறோம். ஆயம்மா வாசலிலேயே கேட்பாள்: "ராத்திரி எப்படிம்மா, மருந்து ஏதும் குடுத்தியா?" உள்ளதைச் சொல்லுங்கள். உங்களை யாரும் திட்டக்கூடாது, திட்டினால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். காய்ச்சல் பிள்ளைக்கு வீடுதான் நல்லது. மருந்து கொடுக்காமலே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் திரும்பக் கொண்டுவரலாம். பாட்டி இருக்கிறாளா, பக்கத்துக் காம்பராவில் ஓய்வில் நிற்கிற அக்கா இருக்கிறாளா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அப்பாமாரும் ஒரு நாள் நின்று பார்க்கலாமே, சட்டம் ஒன்றும் தடுக்கவில்லை! ஒருத்தரும் இல்லையென்றால் ஆயம்மாவிடம் சொல்லி விடுங்கள். ஜன்னலோரமாகத் தனிப் பாய் போட்டு, மற்றப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி வைத்துப் பார்ப்போம். சொல்லாமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நம்ம நாட்டில் இந்தக் காய்ச்சல் வருஷத்தில் இரண்டு தரம் கூடும். சித்திரைக்குப் பிறகு ஜூன், ஜூலை வரைக்கும் ஒன்று, நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் மற்றது. மலையில் குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்திவிடுகிறோம். இருமுகிற பிள்ளையின் காற்றைத்தான் மற்றப் பிள்ளைகளும் இழுக்கின்றன. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். பிள்ளைக்குச் சட்டையை மாட்டுங்கள், காற்றை அடைக்காதீர்கள். அப்புறம் அந்த மூக்குத் துடைக்கிற துணி! ஒரே துணியால் பத்து மூக்கைத் துடைத்தால் பத்துக்கும் நோயைப் பங்கு வைத்த மாதிரி. தம்ளரும் அப்படித்தான். மூக்கைத் துடைத்த பிறகும், சாப்பாடு ஊட்டுமுன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆயம்மாவுக்கே காய்ச்சல் என்றால் அவளும் வரக்கூடாது. பதிலுக்கு ஆள் போடச் சொல்லிக் கேட்பது எங்கள் வேலை.

பால் கொடுக்கிற அம்மாவுக்குத் தடிமன் பிடித்தாலும் பாலை நிறுத்தாதீர்கள். மலையிலிருந்து வந்ததும் கையைக் கழுவி, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு கொடுங்கள்.

காய்ச்சல் பிள்ளையைக் கம்பளியில் சுற்றிப் பொத்தி வைக்காதீர்கள். கஞ்சியோ கொத்தமல்லித் தண்ணியோ, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். ஆறு மாசத்துக்கு உட்பட்டதற்கு தாய்ப்பால் மட்டுந்தான். ஒரு வயசு ஆகாததற்குத் தேன் கூடாது. அஸ்பிரின் கூடவே கூடாது. அது பிள்ளைகளுக்கு ஆபத்து, டெங்குக் காய்ச்சலாக இருந்தால் இரத்தம் கசிய வைக்கும். பெனடோலை டிஸ்பென்சரியில் நிறை பார்த்துச் சொன்ன அளவுக்குக் கொடுங்கள். அன்டிபயோடிக் கேட்டு வற்புறுத்தாதீர்கள், இன்புளுவென்சாக் கிருமியை அது தொடாது.

எப்போது ஓட வேண்டும்? பால் குடிக்க மாட்டாமல் போனால், வலிப்பு வந்தால், எழுப்பியும் எழும்பாமல் துவண்டு கிடந்தால், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், விடியட்டும் என்று பார்க்காதீர்கள். இரண்டு மாசம் ஆகாத பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே போதும், உடனே கொண்டுபோங்கள். மூச்சையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாசத்திலிருந்து ஒரு வயசுக்குள் நிமிஷத்துக்கு 50, ஒரு வயசிலிருந்து ஐந்து வரைக்கும் 40. அந்தக் கணக்கைத் தொட்டாலே ஆஸ்பத்திரிதான். பிள்ளை அழாமல் இருக்கும்போது எண்ண வேண்டும்.

சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆயம்மாமார் முன்னுக்கு வாருங்கள். நொடிமுள் உள்ள கடிகாரம் ஒன்று கொண்டுவந்திருக்கிறோம். அந்தா, அந்த அம்மாவின் மடியில் ஒன்று நல்லாத் தூங்குது. சட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, முதலில் அதன் மூச்சை எல்லோரும் சேர்ந்து எண்ணுவோம்.