முதுமையில் நோய் இன்ஷூரன்ஸும் வருமான வரிக் கழிவும்

(திருவண்ணாமலை நமது சங்கச் சத்திரத்தில், பௌர்ணமிக்கு முந்திய நாள் கூடிய அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாளை பௌர்ணமியாதலின், கிரிவலம் செய்யும் பொருட்டு வெளியூர்களினின்றும் வந்துள்ள அங்கத்தினர் பலரை இச்சபையில் காண்கின்றோம். 14 கிலோமீட்டர் தூரத்தை வெறுங்காலுடன் நடக்க வந்திருப்போரிடம் நோயைப் பற்றிப் பேசுதல் அமங்கலமென்று சிலர் கருதக்கூடும். ஆயினும், நம் காரியதரிசி அவர்களிடம் இவ்வாண்டு வந்த கேள்விகளிற் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியனவாக இருந்தன. உத்தியோகத்தினின்று விலகிய பின்னர் நோய் இன்ஷூரன்ஸுக்காகச் செலுத்தும் பிரீமியத்தை வருமான வரிக் கணக்கிற் கழித்துக்கொள்ளலாமா, கூடாதா என்பதே அது.

விடையை முன்னரே கூறிவிடுகின்றோம். கழித்துக்கொள்ளலாம், ஆனால் நம்மவருட் பெரும்பாலார்க்கு இப்பொழுது அக்கழிவினால் யாதொரு லாபமும் இல்லை. லாபம் இல்லையென்று அறிந்தவுடனே பாலிஸியையே கைவிடுவோரும் நம்மிடையே தோன்றியிருக்கின்றனர். இன்று பேசத் துணிந்ததற்கு உண்மையான காரணம் இதுவே.

1986-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தினால் வருமான வரிச் சட்டத்தில் 80டி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அவ்வாண்டிலேதான் 'மெடிக்ளெய்ம்' என்னும் நோய் இன்ஷூரன்ஸும் நம் தேசத்தில் விற்பனைக்கு வந்தது. புதிய பழக்கம் ஒன்றை ஜனங்கள் கைக்கொள்ளும்படி செய்வதற்குச் சர்க்கார் வைத்த தூண்டில் அக்கழிவு என்று கூறினும் பிழையாகாது. 2018-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 60 வயது நிரம்பியோர்க்குரிய வரம்பை ரூ. 30,000-லிருந்து ரூ. 50,000-ஆக உயர்த்திற்று. அவ்வயதை எய்தாதவர்க்கு வரம்பு ரூ. 25,000. 2025-இல் இயற்றப்பெற்று 1-4-2026 முதல் நடைமுறைக்குரியதான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவின் எண் மாறிற்றேயன்றி ஏற்பாடு மாறவில்லை.

நிற்க. வரி கணக்கிடுதற்கு இப்பொழுது பழைய முறை, புதிய முறை என இரண்டு உள்ளன. 2023-24-ஆம் ஆண்டு முதல், நாம் வாய் திறந்து வேறு சொல்லாவிடின் புதிய முறையே நமக்கு விதிக்கப்படும். அம்முறையில் வரி விகிதம் குறைவு. ஆனால் நோய் இன்ஷூரன்ஸுக்குக் கழிவு கிடையாது. பழைய முறையை விரும்புவோர் உரிய தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்து, அதிலே அதனைத் தெரிவித்தல் வேண்டும். பென்ஷனும் வட்டியும் மாத்திரம் பெறுவோர் ஆண்டுதோறும் தமக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். வியாபார வருமானம் உடையோர் அவ்வாறு அடிக்கடி மாற இயலாது; கடை வைத்திருப்போர் இதனை மறவாதிருப்பாராக.

ஓர் உதாரணம் பார்ப்போம். மாதம் ரூ. 60,000 பென்ஷன் பெறும் 65 வயதுள்ள ஆசிரியர் ஒருவர்க்கு ஆண்டு வருமானம் ரூ. 7,20,000. 2025-26-ஆம் ஆண்டுக்குப் பழைய முறையில் நிலைக்கழிவு ரூ. 50,000 போக மிஞ்சும் ரூ. 6,70,000-க்கு வரி, மேல்வரி உட்பட, ரூ. 45,760 ஆகும். முழு ரூ. 50,000 பிரீமியம் கட்டிக் கழித்துக்கொண்டாலும் ரூ. 35,360 கட்டியே தீரவேண்டும். புதிய முறையிலோ அவர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. ஏனெனில் அவ்வாண்டு முதல் ரூ. 12,00,000 வரையில் வருமானம் உள்ளவர்க்கு வரி முழுதும் தள்ளுபடியாகின்றது. பென்ஷன் பெறுவோர்க்கு நிலைக்கழிவு ரூ. 75,000-மும் சேர்த்து ரூ. 12,75,000 வரை வரியில்லை. இச்சபையிலுள்ள பென்ஷன்தாரர்களுள் அத்தொகைக்கு மேற்பட்டவர் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லவில்லை. அவரவர் நெஞ்சுக்குத் தெரியும்.

இனி நம் அங்கத்தினர் ஒருவர்க்கு நேர்ந்ததைச் சொல்லுகின்றோம். பெயரைச் சொல்லோம், சொல்லும்படி அவர் கேட்டுக்கொண்டதனாலேயே சொல்லுகின்றோம். சென்னையில் ஒரு தனியார் தொழிற்சாலையிற் கணக்கராக இருந்து விலகி, நம் ஊரிலே வீடு கட்டிக் குடியேறியவர். சர்க்கார் பென்ஷன் இல்லை. வட்டியும் வாடகையுமே ஜீவனம். வரியிற் சில ஆயிரம் குறையுமென்று ஒருவர் சொன்னதன் பேரில், தமக்கும் மனைவியார்க்குமாகப் பாலிஸி எடுத்து ஆறு ஆண்டுகள் தவறாமற் கட்டி வந்தார். 2024-இல் அவருடைய வரிக் கணக்கை எழுதியவர், "புதிய முறையில் உங்களுக்கு வரியே இல்லை, இப்பிரீமியத்தினால் இனி உபயோகம் இல்லை" என்றார். வரியைப் பற்றிய மட்டில் அது முற்றிலும் சரியான வார்த்தையே. நம்மவர் அதனைப் பாலிஸியைப் பற்றிய வார்த்தையாகக் கொண்டு புதுப்பிக்காது விட்டுவிட்டார். ஐந்து மாதம் கழித்து அம்மையார்க்கு இருதயக் குழாயில் அடைப்புக் கண்டு வேலூருக்குக் கொண்டு செல்ல நேர்ந்தது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட செலவுக்குப் பாங்கிலிருந்த முதலை உடைத்தார். வட்டியே ஜீவனமாக உள்ளவர்க்கு முதல் குறைதல் என்பது இன்னதென்று நாம் விரிக்க வேண்டுவதில்லை.

அதனினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஆறு ஆண்டுகளாக இடையறாது கட்டியதனால் முன்னுள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அவர்களுக்குக் கழிந்திருந்தது. விடுத்துப் பின்னர் புதிதாக எடுப்பாராயின் அக்காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அஃது 36 மாதத்துக்கு மேற்படலாகாது என்பது உண்மையே. ஆனால் அறுபத்து நான்கு வயதில் மூன்றாண்டு என்பது சிறிது காலமன்று. ஆண்டுப் பிரீமியத்துக்குத் தவணை கடந்த பின்னும் 30 நாள் சலுகை உண்டு. அதற்குள் எவரேனும் ஒருவர் அவரை வற்புறுத்தியிருந்தால் எல்லாம் காப்பாற்றப்பட்டிருக்கும். அத்தெருவிலேயே குடியிருக்கும் நாமும் கேட்கவில்லை. அஃது இன்றும் நம் மனத்தை உறுத்துகின்றது.

பிரீமியம் வரவர ஏறுகின்றதே என்பார்க்கும் ஒரு வார்த்தை. தனிநபர் பாலிஸிகளின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி 22-9-2025 முதல் நீக்கப்பட்டது. 60 வயது கடந்தோரின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதாயின், கம்பெனிகள் தன்னை முன்கூட்டிக் கலந்துகொள்ள வேண்டுமென்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது.

அங்ஙனமாயின் அக்கழிவினால் யாருக்குத்தான் லாபம்? நம் பிள்ளைகளுக்கு. சென்னையிலும் பெங்களூரிலும் பெருஞ்சம்பளம் பெற்று, வீட்டுக் கடன் முதலியவற்றை முன்னிட்டுப் பழைய முறையிலேயே இருக்கும் மகனோ மகளோ, 60 வயது நிரம்பிய தாய் தந்தையர்க்காகக் கட்டும் பிரீமியத்தைத் தம் குடும்பத்துக்குரிய வரம்புக்குப் புறம்பாக ரூ. 50,000 வரை கழித்துக்கொள்ளலாம். பெற்றோர் தம்மை அண்டி வாழவேண்டும் என்னும் நிபந்தனையும் இல்லை. 30 சதவீத வரி கட்டுபவர்க்கு இதனால் மேல்வரியுடன் ரூ. 15,600 மிச்சமாகும். ஆனால் பணம் மகனுடைய கணக்கிலிருந்தே செல்லுதல் வேண்டும். தந்தை தம் கணக்கிலிருந்து கட்டிவிட்டு இரசீதை மாத்திரம் மகனுக்கு அனுப்புவது செல்லாது. செக்காகவோ பாங்கு மூலமாகவோ செலுத்தவேண்டும். ரொக்கமாகக் கட்டிய பிரீமியத்துக்குக் கழிவில்லை. மாமனார் மாமியார்க்காக மருமகன் கட்டுவது அன்பின் காரியமாகுமேயன்றி வரிக் கணக்கில் ஏறாது. அவருடைய மனைவிக்குச் சொந்த வருமானம் இருக்குமாயின், அவர் தம் பெற்றோர்க்காகக் கட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

பாலிஸி இல்லாத முதியோர்க்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கின்றது. 60 வயது நிரம்பியவர் பேரில் இன்ஷூரன்ஸுக்காக எத்தொகையும் செலுத்தப்படாதிருந்தால், அவருக்காகச் செய்த வைத்தியச் செலவையே அந்த ரூ. 50,000 வரம்புக்குள் பழைய முறையிற் கழிக்கலாம். மருந்துக் கடைச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்துள்ள ஆசிரியப் பெருமக்கள் இவ்விடத்தில் ஏமாறுகின்றனர். தமிழ்நாட்டு அரசுப் பென்ஷன்தாரர்களின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்காக 1-7-2022 முதல் நான்காண்டுக்கு மாதம் ரூ. 497 பென்ஷனிற் பிடிக்க ஏற்பாடாயிற்று, ஆண்டுக்கு ரூ. 5,964. அத்தொகையைக் கழிவாகக் காட்டலாம். ஆனால் அதனைச் செலுத்திய காரணத்தினாலேயே அவர் இன்ஷூரன்ஸ் உடையவர் ஆகின்றார். ஆகவே தமக்காக வாங்கிய மாத்திரைகளின் செலவைக் காட்டுதற்கில்லை. அத்திட்டத்திற் சேராத அவருடைய வயோதிகத் தாயாருக்குச் செய்த செலவைக் காட்டலாம். அதுவும் ரொக்கமின்றிச் செலுத்தியிருந்தால் மாத்திரமே. நோய் வருமுன் செய்துகொள்ளும் பரிசோதனைக்கு மட்டும், மேற்சொன்ன வரம்புக்குள் ரூ. 5,000 வரையில், ரொக்கமும் ஏற்கப்படும்.

இன்னொன்று. நெடுங்காலம் வைத்திருந்த மனையை விற்றவர்கள் நம்மிலே பலர். அந்த ஆதாயத்துக்குரிய வரியைப் பிரீமியத்தைக் காட்டிக் குறைக்க எம்முறையிலும் இயலாது. அவ்வாறு குறைத்துத் தருவதாகக் கூறும் தரகரை நம்பவேண்டாம்.

நம் சத்திரத்தின் அலுவலகம் நாளை கிரிவலம் முடிந்தபின் மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும். பாலிஸியும் சென்ற ஆண்டு வரிக் கணக்கும் உடன் கொண்டுவருவோர்க்கு அவற்றைப் படித்துக் காட்ட நாமும், நம் குலத்து ஆடிட்டர் இளைஞர் இருவரும் காத்திருப்போம். புதுப்பிக்கும் தேதி கடந்து 30 நாள் ஆகாதவர் எவரேனும் இச்சபையில் இருந்தால், அவர் நாளை வரை தாமதியாது இப்பொழுதே எம்மை வந்து காணும்படி வேண்டிக்கொள்கின்றோம்.