மாத்திரையை மறைக்க வேண்டாம்



இன்றைய பேச்சு ஒரு மாத்திரையைப் பற்றியது. அது மனச்சோர்வு நோய்க்கான மாத்திரை. வயதானவர்கள் கீழே விழுவதற்கும் இந்த மாத்திரைக்கும் தொடர்பு உண்டு. அது என்ன தொடர்பு என்று பார்ப்போம்.

கேரளத்தில் முதியவர்கள் அதிகம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அங்கே நூறு பேரில் 12 அல்லது 13 பேர் 60 வயது ஆனவர்கள். இந்தியாவில் வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. திருவனந்தபுரத்தில் பல வீடுகளில் பிள்ளைகள் வளைகுடா நாட்டில் இருக்கிறார்கள். அல்லது பெங்களூரில் இருக்கிறார்கள். பெரிய வீடு இருக்கும். பளபளவென்று தரை இருக்கும். உள்ளே ஒரு பாட்டியும் தாத்தாவும் மட்டும் இருப்பார்கள். சில வீடுகளில் பாட்டி மட்டும்தான்.

தனிமை மனதைத் தின்னும். துணை இறந்துபோன துக்கமும் சேரும். தூக்கம் வராது. சாப்பாடு பிடிக்காது. எதிலும் விருப்பம் இருக்காது. காரணம் இல்லாமல் அழுகை வரும். "வயதானால் இப்படித்தான்" என்று வீட்டில் சொல்லி விட்டுவிடுவார்கள். அது தவறு. இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சர்க்கரை நோயைப் போல இதுவும் ஒரு நோய்தான். இதற்கு மருந்து உண்டு. குணமும் ஆகும்.

இந்த நோய்க்கான முதல் மாத்திரைகள் 1950-களில் வந்தன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோலண்ட் கூன் என்ற டாக்டர் இமிப்ரமின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சோர்ந்து கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகு அமிட்ரிப்டிலின் வந்தது. இன்று எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின், புளூவாக்ஸ்டின் போன்றவற்றை டாக்டர்கள் அதிகமாக எழுதுகிறார்கள். பெயர்கள் வாயில் நுழையாது. பரவாயில்லை. மாத்திரை அட்டையை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். படிக்கக் கற்றதன் பயன்களில் இதுவும் ஒன்று.

இனி விழுவதைப் பற்றிப் பார்ப்போம்.

உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. இறப்பவர்களில் முதியவர்களே அதிகம். இளைஞர் விழுந்தால் முட்டி சிராய்க்கும். எழுந்து போய்விடுவார். எழுபது வயதுப் பாட்டி விழுந்தால் தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறியலாம். பிறகு அறுவை சிகிச்சை, படுக்கை, படுக்கைப் புண், சளிக் காய்ச்சல் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். பலர் பழையபடி நடக்க முடியாமல் போகிறது.

மனச்சோர்வு மாத்திரை எப்படி ஒருவரை விழ வைக்கும்?

படுத்திருப்பவர் எழுந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் கால் பக்கமாக இறங்குகிறது. உடனே இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தத்தை மேலே தலைக்கு அனுப்ப வேண்டும். இளம் வயதில் இது நமக்குத் தெரியாமலே நடக்கிறது. வயதானால் இந்த வேலை மெதுவாகிறது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகள் அதை இன்னும் மெதுவாக்கும். தலைக்கு இரத்தம் போதாமல் கண் இருட்டும். கால் தள்ளாடும். சுவரைப் பிடிப்பதற்குள் விழுந்துவிடுவார்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பிறகு நிற்க வைத்து, மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20-க்குக் குறையாமல் இறங்கினாலோ, கீழ் அளவு 10-க்குக் குறையாமல் இறங்கினாலோ, கவனிக்க வேண்டும். பல இடங்களில் உட்கார வைத்து ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். "நிற்க வைத்தும் பாருங்கள்" என்று நீங்களே கேட்கலாம். கேட்பதில் குற்றம் இல்லை.

பழைய மாத்திரைகள் தூக்கக் கலக்கம் தரும். பார்வையை மங்கலாக்கும். மலச்சிக்கல் தரும். புதிய மாத்திரைகளில் இந்தத் தொல்லைகள் குறைவு. அதனால் புதியவை வந்ததும், இனி முதியவர்கள் விழமாட்டார்கள் என்று பலர் நம்பினார்கள். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில், முதியோர் இல்லங்களில் இருந்த 2,428 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். முடிவு 1998-ல் வெளிவந்தது. புதிய மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய பழையதைச் சாப்பிட்டவர்கள் அளவுக்கே விழுந்திருந்தார்கள்.

அதற்கு ஒரு காரணம் உப்பு. இரத்தத்தில் சோடியம் என்ற உப்பு ஓர் அளவில் இருக்க வேண்டும். புதிய மாத்திரைகள் சிலருக்கு அந்த அளவைக் குறைத்துவிடும். முதல் சில வாரங்களில்தான் இது அதிகம் நடக்கும். வயதான பெண்களுக்கும், இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து கூடுதல். உப்பு குறைந்தால் சோர்வு வரும். தலை வலிக்கும். பேச்சு குழம்பும். நடை தள்ளாடும். "பாட்டிக்குப் புத்தி தடுமாறுகிறது" என்று நினைப்பார்கள். ஓர் இரத்தப் பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும். இதற்காக வீட்டில் உப்பை அள்ளிக் கரைத்துக் கொடுக்கக் கூடாது. டாக்டரிடம்தான் போக வேண்டும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனச்சோர்வு நோயே ஆளை விழ வைக்கும். சாப்பிடாதவருக்குக் காலில் பலம் இருக்காது. தூங்காதவருக்குக் கவனம் இருக்காது. ஆகவே எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட முடியாது. மாத்திரையை நிறுத்திவிட்டால் விழமாட்டார் என்றும் சொல்ல முடியாது. திடீரென்று நிறுத்தினால் அதுவே தலைசுற்றல் தரும். நோயும் திரும்பி வரும். முதியவர்களின் மனச்சோர்வு சில சமயம் தற்கொலை வரை கொண்டுபோகும். எனவே தானாக நிறுத்தவே கூடாது. குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது சாப்பிடச் சொல்வார்கள். நிறுத்தும்போதும் டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.

அப்படியானால் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் மறைப்பதில் இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் பேரூர்க்கடை அருகே ஊளம்பாறை என்ற இடம் இருக்கிறது. அங்கே அரசு மனநல மருத்துவமனை உள்ளது. 1870-ல் தொடங்கியது. பழைய, பெரிய மருத்துவமனை. ஆனால் ஊரில் யாராவது கொஞ்சம் மாறிப் பேசினால், "இவனை ஊளம்பாறைக்கு அனுப்பணும்" என்று கேலி செய்வார்கள். தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கத்தைச் சொல்லிக் கேலி செய்வதில்லையா, அதைப் போலத்தான். இந்தக் கேலிக்குப் பயந்து என்ன நடக்கிறது? பாட்டி மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைக்கிறார். மருமகளுக்குத் தெரியாது. இரத்த அழுத்தம் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. அவர் இன்னொரு மாத்திரை எழுதுகிறார். தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையும் சேர்கிறது. மூன்றும் ஒரே இரவில் வயிற்றுக்குள் போகின்றன. இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுகிறார். விளக்கு இல்லை. தரை வழுக்கல்.

வேறு விதமாகவும் நடக்கும். சர்க்கரை நோயில் கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் கொடுப்பார்கள். தலைவலிக்கும் கொடுப்பதுண்டு. "எனக்கு மனநோய் மாத்திரை எதுவும் இல்லையே" என்று அந்தத் தாத்தா உண்மையாகவே சொல்வார். வலி மாத்திரை என்றுதான் அவருக்குத் தெரியும். எழுந்து நிற்கும்போது மட்டும் இரண்டும் ஒரே மாத்திரைதான்.

ஆகவே டாக்டரிடம் போகும்போது, வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆயுர்வேத அரிஷ்டம், கஷாயம், கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை எதையும் விடாதீர்கள். எந்த டாக்டராக இருந்தாலும் பையை அவிழ்த்துக் காட்டுங்கள். கடந்த ஓர் ஆண்டில் விழுந்திருந்தால், அடிபடாவிட்டாலும் சொல்லுங்கள். ஒரு முறை விழுந்தவர் மறுபடியும் விழ வாய்ப்பு அதிகம். டாக்டர் மாத்திரையை மாற்றலாம். அளவைக் குறைக்கலாம். நேரத்தை மாற்றலாம். சிலருக்கு மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் நன்றாக உதவும்.

புதிதாக மாத்திரை தொடங்கும் நாட்களும், அளவைக் கூட்டும் நாட்களும்தான் மிகவும் கவனிக்க வேண்டியவை. அந்த முதல் மாதத்தில் இரவில் யாராவது பக்கத்தில் படுப்பது நல்லது. தூங்கி எழுந்தவர் உடனே நிற்கக் கூடாது. கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழ வேண்டும். கட்டிலிலிருந்து குளியலறை வரை சிறிய விளக்கு எரியட்டும். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி வைக்கலாம். அதற்கு ஆகும் செலவு, எலும்பு முறிவுச் செலவில் ஒரு துளி. இடவப்பாதி மழை வந்துவிட்டால் முற்றத்திலும் கிணற்றடியிலும் பாசி பிடிக்கும். சுண்ணாம்புத் தூள் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கி எறியுங்கள். பாட்டி விடமாட்டார். புதியது வாங்கிக் கொடுத்துவிட்டு எறியுங்கள்.

எங்கே போவது? திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. களியக்காவிளை தாண்டி, நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் மக்கள் அங்கே வருகிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் குடும்ப சுகாதார மையத்துக்குப் போகலாம். மனச்சோர்வைப் பார்ப்பதற்கு அங்கே ஆஸ்வாசம் என்ற ஏற்பாடு உண்டு. நகரப் பகுதிகளில் 65 வயது ஆனவர்களுக்காக வயோமித்ரம் என்ற அரசுத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. வீட்டுக்கு வரும் ஆஷா பணியாளரிடமும் கேட்கலாம். மனம் மிகவும் சோர்ந்திருந்தால் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். காசு கிடையாது. தமிழிலும் பேசலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் விழுந்துவிட்டால், கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, இடுப்பில் கடும் வலி இருந்தாலோ, அப்படியே படுத்திருக்கட்டும். தடவிவிட வேண்டாம். போர்வை போர்த்திவிட்டு 108-க்கு போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வந்ததும் மாத்திரைப் பையையும் உடன் கொடுத்து அனுப்புங்கள்.