ஊர் எவ்வளவு தூரம்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

கொச்சியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டால், பள்ளிப் பிள்ளையும் "ஒரு மணி நேரம்" என்று சொல்லிவிடும். அந்த விடையைச் சற்றே ஆராய்வோம்.

நெடும்பாசேரிக்கும் மீனம்பாக்கத்துக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 520 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவல்லது. வகுத்துப் பார்த்தால் 39 நிமிடமே வருகிறது. ஆயினும் கால அட்டவணை ஒரு மணிக்கு மேல் காட்டுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், படிப்படியாக மேலேறுவதும், இறங்க முறை வரும்வரை காத்திருப்பதும் அதில் அடங்கும்.

அட்டவணையில் அடங்காத நேரமும் உண்டு. ஒரு காலத்தில் தோப்பும்படிப் பாலத்தைக் கடந்தால் நமக்கு விமான நிலையம். துறைமுகத்துக்காகப் பிரிஸ்டோ துரை காயலை ஆழப்படுத்தி எடுத்த மண்ணால் உருவான வில்லிங்டன் தீவில் அது இருந்தது. 1999 ஜூனில் பயணிகள் விமானங்கள் நெடும்பாசேரிக்கு மாறின. பள்ளுருத்தியிலிருந்து அங்கே போய்ச் சேர நெரிசலில் ஒன்றரை மணி. காத்திருப்பு ஒன்றரை மணி. விமானத்தில் ஒன்றேகால் மணி. பெட்டியைப் பெற்று வீடு சேர ஒன்றரை மணி. ஆக ஐந்தேமுக்கால் மணி!

இனித் தேனியைப் பாருங்கள். நேர்கோட்டில் இங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர்தான். சென்னைத் தொலைவில் நான்கில் ஒரு பங்கு. ஆனால் நடுவே மலை நிற்கிறது. மூணாறு வழியாயினும் குமுளி வழியாயினும் சாலை 200 கிலோமீட்டரைத் தாண்டும். ஆறேழு மணி ஆகும். அண்டை ஊரும் தலைநகரும் நமக்கு ஒரே தூரம்!

இதை நான் கணக்கிட்டு அறியவில்லை, பட்டறிந்தேன். தேனிப் பக்கத்துச் சிற்றூரில் என் தகப்பனார் காலமான செய்தி ஒரு மழைக்காலத்து விடியலில் வந்தது. சென்னையிலிருந்த தம்பி மதுரைக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து காரில் நண்பகல் கடந்ததும் ஊர் சேர்ந்தான். அருகிலிருந்த நானோ மூணாறு வழியே புறப்பட்டு, மண் சரிந்த இடத்தில் மணிக்கணக்காய் நின்றேன். கொள்ளி வைக்க வேண்டிய தலைமகனுக்காக ஊரே விளக்கு வைக்கும் வரை காத்திருந்தது. குமுளி வழி அன்று திறந்தே இருந்தது. கேட்டறிந்து புறப்பட வேண்டும் என்று அந்த வேளையில் எனக்குத் தோன்றவில்லை.

கைப்பேசி எல்லாம் சொல்லும் என்பீர்கள். உண்மைதான், ஆனால் துயரச் செய்தி ஏந்தியவன் கை அதைத் தேடாது. ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் உறுப்பினரின் ஊருக்கும் உள்ள வழிகள், மாற்று வழி, இரவின் கடைசி இரயில், காலையின் முதல் விமானம் ஆகியவற்றை நம் சங்கம் ஒரு குறிப்பேட்டில் எழுதி, மாதந்தோறும் திருத்தி வரட்டும். செய்தி வந்த வீட்டுக்கு இளைஞர் ஒருவர் அதனுடன் ஓடிச் சென்று, வழியை விசாரித்து, வண்டி ஏற்றிவிடட்டும்.

மலையை நாம் நகர்த்த இயலாது. வீணாகும் நேரத்தைக் குறைக்க இயலும். வெளியூரில் சங்கம் அமைத்து வாழ்வதன் பயன் அதுவன்றோ?