முன்கண்ணாடி உடைந்தால் கிளைம் போடலாமா?

(சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

பி பிளாக் தென்னை மரங்களில் காய்ந்த மட்டைகளை வெட்டியாகிவிட்டது என்று செயலாளர் சொன்னார். சந்தோஷம். இரண்டு வருடம் முன்னால் வெட்டியிருந்தால் நான் இன்று மைக்கைப் பிடித்திருக்க மாட்டேன்.

அன்று மட்டை விழுந்து என் கார் முன்கண்ணாடியில் குறுக்கே விரிசல். சின்னப் புள்ளியாக இருந்தால் ரெசின் வைத்து அடைத்துவிடலாம். என்னுடையதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒன்றைச் சரியாகச் செய்தேன். கண்ணாடியை மாற்றும் முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து, நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி போட்டோவும் எடுத்துவைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அவர்கள் பார்க்காமல் மாற்றிவிட்டுப் பணம் கேட்டால் கஷ்டம். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் கேட்கவே முடியாது.

பில் 11,500 ரூபாய். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. ரப்பர் பீடிங்குக்குப் பாதி, 500 பிடித்தார்கள். 1500 சிசிக்கு உட்பட்ட கார் என்பதால் நாம் கட்டாயம் ஏற்க வேண்டியது 1,000. மீதி 10,000 கம்பெனி கொடுத்தது. வீட்டில் பாயசம் வைக்காத குறைதான்.

ரினியூவல் நோட்டீஸ் வந்தபோது பாயசம் கசந்தது. வருடக்கணக்காகக் கிளைம் போடாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளைம் போனஸ் பூஜ்யம்! சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 12,000. அதில் பாதிதான் கட்டிக்கொண்டிருந்தேன். இனி முழுசாக. ஒரு வருடத்தோடு முடிந்தாலும் பரவாயில்லை. மறுபடி 20, 25, 35, 45 என்று படியேறித்தான் 50-ஐத் தொட வேண்டும். கூடுதலாகக் கட்டுவது வருடவாரியாக 6,000, 3,600, 3,000, 1,800, 600. ஆக 15,000, ஜிஎஸ்டி தனி. கார் பழசாக ஆகப் பிரீமியம் குறையும், இதுவும் கொஞ்சம் குறையும். ஆனாலும் 10,000 வாங்கி நான் லாபம் பார்க்கவில்லை.

"எனக்கு ஜீரோ டெப் இருக்கிறதே" என்று போன வாரம் லிஃப்டில் ஒருவர் கேட்டார். அது தேய்மானத்துக்கு மட்டும் சார். போனஸைக் காப்பாற்ற என்சிபி புரொடெக்ட் என்று தனியாக எடுத்திருக்க வேண்டும். அதிலும் எத்தனை கிளைம் வரை என்று படித்துப் பாருங்கள்.

புது வண்டி, இன்னும் போனஸே சேரவில்லை என்றால் யோசிக்காமல் கிளைம் போடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த வண்டிகளுக்கும் அப்படித்தான். கேமராவைத் திரும்ப அளவுபார்த்துப் பொருத்தும் செலவும் பில்லில் ஏறும்.

இன்னொன்று. பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேகும் போய்விடும், உரித்தால் கிழியும். பேங்கில் புதுசு வாங்க மறந்து, பரனூர் டோலில் இரண்டு மடங்கு கட்டினேன். நம் கேட் ஸ்டிக்கரும் அதோடு போகும். ஆபீசில் கேட்டால் புதுசு தருவார்கள். அதுவரை செக்யூரிட்டி அண்ணன் நிறுத்தினால் அவர் மேல் கோபப்படாதீர்கள்.