அலுவல் இல்லாமல் கொழும்புக்கு

(பழைய மாணவிகள் சங்கக் கொழும்புக் கிளையின் நூற்றாண்டு மதியபோசன ஒன்றுகூடலில், பாமன்கடையில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



“சனி ஞாயிறில் கொழும்புக்கு ஒரு சின்னப் பயணம்” என்பது செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு. கல்லூரியின் வரலாறு, அதிபர்களின் சேவை என்று பாரமான விஷயங்களைப் பேச மற்றவர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன் நீங்கள் கொஞ்சம் இலேசாகப் பேசுங்கள் என்றார். சரி என்றுதான் சொன்னேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் இது அவ்வளவு இலேசான தலைப்பு இல்லை என்று தெரிந்தது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்கள் அம்மாவோ, மாமியோ, உங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதியோ, சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று எத்தனை தடவை கொழும்புக்கு வந்திருக்கிறார்கள்? விசாவுக்கு வந்திருப்பார்கள். பாஸ்போட் எடுக்க வந்திருப்பார்கள். மகனை விமானம் ஏற்ற, கண் சத்திரசிகிச்சைக்கு, கலியாணக் கூறை எடுக்க, மகளின் பிள்ளைப்பேறு பார்க்க வந்திருப்பார்கள். அலுவல் முடிந்த அன்றிரவே பஸ். எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில் இப்படி எத்தனையோ பேர் படுத்து எழும்பிப் போயிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பார்த்த கொழும்பு, வெள்ளவத்தைச் சந்தியும் ஒரு தூதரக வாசலும்தான். ஐந்து நிமிட நடையில் கடல் இருக்கிறது என்று சொன்னால், “அடுத்த முறை வரேக்க பாப்பம் பிள்ளை” என்பார்கள். அடுத்த முறையும் ஓர் அலுவலோடுதான் வருவார்கள்.

ரயில் இல்லாத குறையால் வந்த பழக்கம் அல்ல இது. 1905இலேயே யாழ்ப்பாணமும் கொழும்பும் ரயிலால் இணைந்துவிட்டன. ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு மெயிலில் ஏறிப் படுத்தால் விடிய இறங்கலாம். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு பகலிலேயே போய்ச் சேர முடிந்தது. ஆனால் அந்த நாளில் வாரஇறுதிப் பயணம் ஆண்களுக்கு உரியது. கந்தோரில் வேலை பார்த்த அப்பாமார் வெள்ளிக்கிழமை இரவு கோட்டையில் ஏறி ஊருக்கு வருவார்கள், ஞாயிறு இரவு திரும்புவார்கள். ரயில்வே வொறண்டும் அவர்கள் பெயரில்தான். நாங்கள் வாசலில் நின்று கைகாட்டியவர்கள். அம்மாமார் கொழும்பைப் பற்றி அறிந்ததெல்லாம் அப்பா கொண்டுவந்த பிஸ்கற் தகரத்தின் படத்திலிருந்து.

பிறகு வந்த காலத்தை இங்கிருக்கும் எல்லோரும் அறிவீர்கள். 1990 ஜூனோடு ரயில் நின்றது. கொழும்புக்கு வரவேண்டுமென்றால் இயக்கத்திடம் பாஸ். அதற்கு ஓர் ஆளைப் பிணை வைக்கவேண்டும். இருட்டில் கிளாலிக் கடலில் வள்ளம். அது முடிய, காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல், அல்லது பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம். 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தபோது நான்கு வருடம் மூச்சு விட்டோம். 2006 ஓகஸ்டில் அதுவும் மூடியது. சனி ஞாயிறு போய்விட்டு வருவது என்றால், திங்கட்கிழமை எங்கே இருப்போம் என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? ஒரு கிழமைக்கென்று வந்து மூன்று வருடம் லொட்ஜில் இருந்தவர்களும், லொட்ஜிலிருந்து நேரே கனடா போனவர்களும் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

லொட்ஜ் என்றதும் ஒரு திகதியைச் சொல்லாமல் போக முடியாது. 2007 ஜூன் 7. அன்று விடியற்காலையில் வெள்ளவத்தையிலும் நகரின் மற்றப் பகுதிகளிலும் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். ஆனால் அப்போது சொல்லப்பட்ட நியாயம் என் மனத்தில் அப்படியே நிற்கிறது: தகுந்த காரணமில்லாமல் கொழும்பில் தங்கியிருப்பவர்கள் என்பது.

தகுந்த காரணம். எங்கள் பெண்கள் இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கைப்பைக்குள் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, வைத்தியரின் கடிதம், விசாவுக்குத் திகதி கொடுத்த கடிதம். யாராவது மறித்துக் கேட்டால் நீட்டுவதற்கு ஒரு காரணம் எப்போதும் கையில் இருந்தது. போர் முடிந்து இத்தனை வருடமாகியும் எழுபது வயது அக்கா ஒருவர் என் வீட்டுக்கு வரும்போது தன் பழைய மருத்துவத் துண்டுகளையெல்லாம் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக்கொண்டுதான் வருகிறார். “சும்மா இருக்கட்டும்” என்கிறார். அவரைச் சும்மா வரச் சொல்வதுதான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம்.

இளம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் போனபோது அவர்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது வெள்ளி இரவு பஸ்ஸில் ஏறி, சனி காலை வெள்ளவத்தையில் இறங்கி, இரண்டு நாள் படம் பார்த்துச் சுற்றிவிட்டுத் திங்கள் காலை ஊரில் வேலைக்குப் போகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. நான் கவலைப்படுவது எங்கள் வயதுக்காரரைப் பற்றி. அவர்களிடம் கேட்டால் மூன்று பதில் வரும். யாரோடு போறது? வீட்டில் ஆர் சமைக்கிறது? மூன்றாவதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: இரவு பஸ் வழியில் ஒரு தடவைதான் நிறுத்தும், அதுவும் எந்த மாதிரி இடத்தில் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தில் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்குப் பகல் ரயில்தான் நல்லது. எழுந்து நடக்கலாம், கழிவறை இருக்கிறது. ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். நல்லூர்த் திருவிழா நாட்களில் கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது.

வந்தால் என்ன பார்ப்பது? கடைகளைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை, அதற்கு வழிகாட்டி தேவைப்படாது. சனி காலை தேசிய நூதனசாலைக்குப் போங்கள். 1877இல் திறந்தது. அங்கே ஒரு கல் இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு, சீனக் கடலோடி செங் ஹே கொண்டுவந்து நாட்டியது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தென்னாவரை நாயனாருக்கு. பாரசீகத்தில் இஸ்லாமிய வழியில். ஒவ்வொரு பகுதியும் அவரவர் தெய்வத்தைத்தான் சொல்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்ததாம். சரித்திர ரீச்சர் இதைப் படிப்பித்தபோது நாங்கள் தூங்கி வழிந்தோம். நேரில் அதன் முன்னால் நின்றால் தூக்கம் வராது. பொலன்னறுவையில் எடுத்த நடராசர் வெண்கலச் சிலையும் அங்கேதான்; அதற்குத் தனியாக அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து கொச்சிக்கடைக்குப் போனால் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கிக் கருங்கல்லால் திருப்பிக் கட்டியது. நல்ல வெயிலிலும் உள்ளே குளிரும். 1913இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி தொடங்கியவரும் இவர்தான். நாங்கள் போட்டிக் கல்லூரிக்காரர் என்றாலும் அதற்காக ஒரு கற்பூரம் கொளுத்தலாம். நடந்து போகிற தூரத்தில் புனித அந்தோனியார் தேவாலயம். 2019 ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு அங்கே போகும் எவரும், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், கொஞ்சநேரம் பேசாமல் நின்றுவிட்டுத்தான் வருகிறார்கள்.

பின்னேரம் காலிமுகத்திடல். இறால் வடை சாப்பிடுங்கள். தயவுசெய்து யாழ்ப்பாணத்து ஆட்களை வெள்ளவத்தையில் தோசைக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் அதைவிட நல்ல தோசையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். சாப்பிட்டு முடிய, கடலோர நடைபாதையில் உள்ள நினைவுக்கல்லைத் தேடிப் பாருங்கள். ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களும் பிள்ளைகளும் பயன்பெறுவதற்காக இதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக்கொள்வதாக அந்தக் கல்லில் பொறித்திருக்கிறார். அவர் மனத்தில் இருந்தது வெள்ளைக்காரத் துரைசானிமார் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கல் கல்தான், பெண்கள் என்றுதான் இருக்கிறது. யாராவது இங்கே என்ன அலுவல் என்று கேட்டால் அதைக் காட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் செய்யாதீர்கள். காலையில் வெள்ளவத்தைக் கரையில் ரயில் பாதையைக் கவனமாகக் கடந்து, கல்லில் இருந்து கடல் பாருங்கள். பிறகு வீட்டில் கதை. எங்கள் வகுப்பில் நாலு பேர் போன மாசியில் இப்படித்தான் இருந்தோம். முதல் நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பற்றியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும்தான் பேச்சு. இரண்டாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகுதான் ஒருத்தி தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அதைக் கேட்க எங்களுக்கு முப்பத்தெட்டு வருடம் எடுத்தது. என்ன சொன்னாள் என்பதை நான் இங்கே சொல்லமாட்டேன்.

இந்த மலரை லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாசிக்கப் போகிற தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வரும்போது யாழ்ப்பாணத்துச் சிநேகிதியிடம் ஒடியல் மா, பருத்தித்துறை வடை, முருங்கைக்காய் எல்லாம் கட்டிக் கொழும்புக்கு அனுப்பச் சொல்கிறீர்கள். பார்சலை விட்டுவிட்டு அவளை வரச் சொல்லுங்கள். ரயில் சீட்டையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். ஆசிரியப் பென்சனில் அவளுக்கு அது சின்னக் காசு இல்லை, கேட்கவும் மாட்டாள்.

இப்போது மேசைகளுக்கு ஒரு சி.ஆர். கொப்பி வரும். கொழும்பில் இருப்பவர்களில் யாருடைய வீட்டில் ஒரு கட்டிலும் இரண்டு இரவும் கொடுக்க முடியுமோ அவர்கள் பெயர், இடம், எத்தனையாம் மாடி, லிப்ற் இருக்கிறதா என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலைச் செயலாளர் யாழ்ப்பாணத் தாய்ச் சங்கத்துக்கு அனுப்புவார். முதலாவதாக என் பெயரை எழுதியிருக்கிறேன்: பாமன்கடை, மூன்றாம் மாடி, லிப்ற் உண்டு, கரண்ட் போனால் படி. கட்டில் ஜன்னல் பக்கம். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமைக்கு அந்தப் பிளாஸ்ரிக் உறை அக்கா ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார். மற்றச் சனிக்கிழமைகள் காலியாக இருக்கின்றன.